ஊர் நாடகமும் கன்ட்ரி பாட்டும்

“கன்ட்ரி இசை கேட்பேன்” என்று சிங்கப்பூரில் யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, “தொப்பி, பூட்ஸ் எல்லாம் வைத்திருக்கிறாயா?” என்று கேட்பார்கள். என் தங்கை இன்னும் ஒரு படி மேலே போய், “ஏண்ணே, உனக்கு இளையராஜா போதலையா?” என்பாள். போதும்தான். ஆனால் வேலை காரணமாக 2015 முதல் 2018 வரை அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹியூஸ்டன் நகரில் இருந்தேன். அங்கே எங்கள் வட்டாரத்தில் இலவசமாக விநியோகிக்கப்படும் சிறிய வார இதழ் ஒன்று இருந்தது. ஒரு வாரம் நாடக விமர்சனம், மறுவாரம் புதிதாக வெளிவந்த கன்ட்ரி இசைத்தொகுப்பின் விமர்சனம் என்று அதில் எழுதத் தொடங்கினேன். சம்பளம் கிடையாது. நாடகத்துக்கு டிக்கெட் மட்டும் வாங்கித் தருவார்கள்.

இதழை நடத்தியவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். பக்கத்துத் தெருக்காரர். ஆங்கிலம் சரளமாக எழுதக்கூடிய, வார இறுதியில் வேறு வேலை இல்லாத ஓர் ஆசியப் பையன் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. எனக்கு அவர் சொன்ன ஒரே விதி இதுதான்: “டிக்கெட் 40 டாலர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்குத் தனியாகக் காசு. கார் நிறுத்தக் காசு. இவ்வளவும் செலவழித்து ஒரு தம்பதி வெள்ளிக்கிழமை இரவு கிளம்பலாமா வேண்டாமா? அதைச் சொல். உன் அறிவைக் காட்டுவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்.”

அமெரிக்க நாடகம் என்றதும் நமக்கு நியூயார்க்கின் பிராட்வே நினைவுக்கு வரும். அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த நாட்டு நாடகத்தின் பெரும்பகுதி வெளியூர்களில் நடக்கிறது. ‘ரீஜனல் தியேட்டர்’ என்பார்கள். வட்டார அரங்கம் என்று வைத்துக்கொள்வோம். இலாப நோக்கமில்லாத அமைப்பு, சொந்தக் கட்டடம், ஊர்க்காரர்கள் ஆண்டுச் சந்தா கட்டிப் பார்க்கும் ஐந்தாறு நாடகங்கள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு வாரம். அவ்வளவுதான் ஏற்பாடு. இதன் தொடக்கக் கதைகள் டெக்சஸில் இருக்கின்றன, இரண்டுக்கும் பெண்கள்தான் காரணம். டல்லாஸ் நகரில் மார்கோ ஜோன்ஸ் 1947ஆம் ஆண்டு ‘தியேட்டர் 47’ என்று ஓர் அரங்கத்தைத் தொடங்கினார். புத்தாண்டு பிறந்தால் அதன் பெயர் ‘தியேட்டர் 48’ ஆகிவிடும், அதற்கடுத்த ஆண்டு ‘49’. பழைய சரக்கை ஓட்டமாட்டோம் என்று சொல்ல இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

அதே 1947இல் ஹியூஸ்டனில் நீனா வான்ஸ் என்ற நாடக ஆசிரியை, கைப்பையில் இருந்த 2 டாலர் 14 காசுக்கு 214 அஞ்சலட்டைகள் வாங்கினார் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். அப்போது ஓர் அட்டை ஒரு காசு. ‘ஹியூஸ்டனுக்குப் புதிய நாடக அரங்கம் வேண்டுமா, வாருங்கள்’ என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதிப் போட்டார். நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்தனர். கூடிய இடத்துக்கு ஒரு சந்து வழியாகத்தான் போக வேண்டும். அதனால் ‘ஆலி’, அதாவது சந்து, என்றே அரங்கத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1968 முதல் நகரின் நடுவே பெரிய கான்கிரீட் கட்டடத்தில் இருக்கிறது. 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி புயல் வந்தபோது, ஹியூஸ்டன் வட்டாரத்தின் பல பகுதிகளில் ஒரு மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஆலியின் கீழ்த்தள அரங்கமும், பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மேடைப் பொருள்கள் இருந்த கிடங்கும் நீரில் மூழ்கின. அந்த வாரம் எங்கள் இதழில் விமர்சனம் எதுவும் வரவில்லை. எங்கே துடைப்பம், பிளீச்சிங் பொடி கிடைக்கும் என்ற பட்டியல்தான் வந்தது.

நான் அதிகம் எழுதியது ஆலி போன்ற பெரிய அரங்கங்களைப் பற்றியல்ல. அவற்றைப் பற்றி எழுதப் பெரிய நாளிதழ்கள் இருந்தன. எனக்கு விடப்பட்டவை நகர ஓரத்துச் சின்ன அரங்கங்கள். மேடையில் இருப்பவர்களில் பாதிப் பேர் சம்பளம் வாங்கும் நடிகர்கள். மீதிப் பேர் பள்ளி ஆசிரியர், பல் மருத்துவர், நான் அரிசி வாங்கும் கடையில் காசு வாங்கிப் போடும் பெண். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளி இரவு ஒருவர் நன்றாக நடிக்கவில்லை என்று எழுதினால் அடுத்த புதன்கிழமை அவரிடமே அரிசிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

ஒரு நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹார்டன் ஃபூட் எழுதிய ‘த ட்ரிப் டு பவுண்டிஃபுல்’. ஃபூட் பிறந்த ஊர் வார்ட்டன், ஹியூஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1953இல் முதலில் தொலைக்காட்சிக்கும் அதே ஆண்டு மேடைக்கும் வந்த நாடகம் இது. கதை நம் வீட்டுக் கதைதான். கேரி வாட்ஸ் என்ற வயதான தாய். மகன், மருமகளுடன் ஹியூஸ்டனில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். அவள் பக்திப் பாடல்களை முணுமுணுத்துக்கொண்டே இருப்பது மருமகளுக்குப் பிடிக்காது. மாமியாரின் ஓய்வூதியக் காசோலை எங்கே என்பதில் மட்டும் மருமகள் கண்ணாக இருப்பாள். நடுவில் மாட்டிக்கொண்ட மகன் லூடி, யாருக்கும் முழுதாகப் பரிந்து பேச முடியாதவன். பிறந்த ஊரான பவுண்டிஃபுல்லை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று கேரி வீட்டைவிட்டு நழுவிப் பேருந்து ஏறுகிறாள். போய்ச் சேரும்போது அங்கே ஊரே இல்லை.

என் பாட்டி ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறி வெகுகாலம் ஆன பிறகும், “ஒரு தடவ கூட்டிட்டுப் போய்யா, அந்த லயத்த பாத்துட்டு வந்துர்றேன்” என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் அந்த நாடகத்துக்கு நான் எந்த முகவுரையும் இல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

கேரியாக நடித்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எண்பதை நெருங்கியவர். முதல் நாள் இரவு, முதல் அங்கத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிட்டார். ஐந்து விநாடி. பத்து விநாடி. பாத்திரத்துக்குத்தான் மறதி என்று பார்வையாளர்களில் பலர் நினைத்தார்கள். முன்வரிசையில் இருந்த எனக்கு அவர் கண்கள் தெரிந்தன. அது கேரியின் மறதி இல்லை. லூடியாக நடித்த இளைஞர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவதுபோல் அவர் அருகில் நின்று, அடுத்த வரியைத் தன் வசனம்போலவே கேள்வியாகக் கேட்டார். நாடகம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

இதை எழுதுவதா? இதழ் நடத்தும் அம்மையாரிடம் கேட்டேன். “நாளைக்கும் போ. இந்தத் தடவை டிக்கெட்டுக்கு உன் காசு” என்றார். போனேன். மறுநாளும் மௌனம் வந்தது, வேறோர் இடத்தில். அந்த இளைஞர் அன்றும் எழுந்து போனார். இரண்டு இரவும் நடந்ததை அப்படியே எழுதினேன். வசனம் தடைபட்டது, எத்தனை விநாடி, எப்படி மீண்டது என்று. அந்த மேடையில் தாய் பேசுவதை உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்கும் மகன் ஒருவன் இருந்தான், அதற்காகவே போகலாம் என்றும் எழுதினேன். கடைசிக் காட்சியில் இடிந்த வீட்டு வாசலில் அந்த ஆசிரியை மண்ணைக் கையில் எடுத்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கை உறிஞ்சியதையும் விடவில்லை.

இதழ் வெளிவந்த அன்று அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து அம்மையாரைக் கால் மணி நேரம் திட்டித் தீர்த்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “எதாவது பொய்யா?” என்று மட்டும் கேட்டாராம். மூன்றாவது வாரம் மறுபடியும் போனேன். மௌனங்கள் இருந்தன. எவை நாடகத்துடையவை, எவை அவருடையவை என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பையன் நன்றாகக் கேட்கிறான் என்று எழுதினீர்களே, அது சரி” என்றார். வேறெதையும் பற்றிப் பேசவில்லை.

(இந்த நாடகம் 1985இல் படமாக வந்தது, ஜெரால்டின் பேஜ் அதற்காக ஆஸ்கர் வாங்கினார். 2013இல் பிராட்வேயில் 80 வயதைக் கடந்த சிசிலி டைசன் நடித்து டோனி விருது பெற்றார். அவர் பக்திப் பாடல் பாடும்போது அரங்கமே சேர்ந்து பாடியதாம். படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாம். மாமியாரோடும் மனைவியோடும் சேர்ந்து பார்ப்பது உங்கள் துணிச்சல்.)

இசைத்தொகுப்புக்கு எழுதுவது முற்றிலும் வேறு வேலை. நாடகம் மூன்று வாரத்தில் மறைந்துவிடும், நான் எழுதியதுதான் மிச்சம். பாட்டோ நான் எழுதுவதற்குள் எல்லார் கைபேசியிலும் ஏறிவிடும். போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. அப்படியென்றால் எதற்கு எழுதுவது? எந்தப் பாட்டை இரண்டாம் முறை கேட்க வேண்டும் என்று சொல்லலாம். காதில் விழாமல் போனதைக் காட்டிக்கொடுக்கலாம்.

நான் முதலில் கற்றுக்கொண்டது, நல்ல கன்ட்ரி பாட்டு மூன்று நிமிட நாடகம் என்பது. சரணங்கள் கதையை நகர்த்தும். பல்லவி சொல் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். ஆனால் கதை நகர்ந்துவிட்டதால் மூன்றாம் முறை வரும்போது அதே சொற்களுக்கு வேறு பொருள் வந்திருக்கும். முதலில் காதலைச் சொன்ன வரி கடைசியில் இழவு வீட்டில் நிற்கும். இந்தத் திருப்பம் சரியாக விழுகிறதா என்பதுதான் என் முதல் சோதனை.

இரண்டாவது, பெடல் ஸ்டீல் கிட்டார். மேசைபோல் கிடத்தி, ஒரு கையில் இரும்புத் துண்டை வைத்துத் தந்திமேல் வழுக்கி, காலால் மிதியையும் முழங்காலால் நெம்புகோலையும் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கருவி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அது உடனே பிடிபடும். அதுபோல, நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிப்பவர்கள் இசைக்கோவையை 1, 4, 5 என்று எண்களில் எழுதிக்கொள்வார்கள். பாடகர் சுருதியை மாற்றினாலும் எண் மாறாது. சரளி வரிசை படித்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். ‘ச’ எங்கே இருக்கிறது என்பது பாடுபவரைப் பொறுத்தது, மற்றவை தாமாக வந்து உட்காரும். இதைச் சொன்ன பிறகுதான் என் தங்கை சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்தாள்.

நாடகமும் கன்ட்ரி இசையும் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தது ‘ஆல்வேஸ்... பாட்ஸி கிளைன்’ பார்த்த இரவில். இது ஹியூஸ்டனுக்கே சொந்தமான கதை. 1961இல் லூயிஸ் சீகர் என்ற ரசிகை, ‘எஸ்குவையர் பால்ரூம்’ என்ற நடனக் கூடத்துக்கு நிகழ்ச்சி தொடங்க வெகுநேரம் முன்பே போய்விடுகிறார். பாடகி பாட்ஸி கிளைன் தனியாக உள்ளே வருகிறார். இருவரும் பேசத் தொடங்கி, நிகழ்ச்சி முடிந்ததும் ரசிகை வீட்டுச் சமையலறைக்கே போய், முட்டையும் பேக்கனும் சாப்பிட்டுப் பொழுது விடியும்வரை பேசுகிறார்கள். பிறகு கடிதங்கள். 1963 மார்ச் 5ஆம் தேதி விமான விபத்தில் பாட்ஸி இறந்தார், வயது 30. டெட் ஸ்விண்ட்லி இந்த நட்பை இரண்டே பாத்திரங்களும் ஒரு சிறு இசைக்குழுவும் கொண்ட நாடகமாக்கி 1988இல் ஹியூஸ்டனில் மேடையேற்றினார். அன்றிலிருந்து அமெரிக்காவின் சின்ன ஊர்களில் இது ஓடிக்கொண்டே இருக்கிறது. செலவு குறைவு, ரசிகர்கள் நிச்சயம்.

நான் பார்த்த அரங்கில் பாட்ஸியாக வந்த பெண் தொழில்முறைப் பாடகி. பாட்ஸியின் ஒவ்வொரு மூச்சையும் அப்படியே நகல் எடுத்திருந்தார். அரிசிக் கடைப் பெண்தான் லூயிஸ். அவர் யாரையும் நகல் எடுக்கவில்லை. தன் கடைக்கு வரும் பெண்களிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார், எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாட்டுக்காகப் போங்கள், பேச்சுக்காக உட்காருங்கள் என்று எழுதினேன். புதன்கிழமை பிரச்சினை எதுவுமில்லை.

பாட்ஸி பாடிப் புகழ்பெற்ற ‘கிரேஸி’யை எழுதியவர் வில்லி நெல்சன். அதற்கு முன்பு அவரும் ஹியூஸ்டன் வட்டாரத்தில்தான் கஷ்டப்பட்டார். அதே எஸ்குவையர் கூடத்தில் வாசித்தார். ‘ஃபேமிலி பைபிள்’ பாட்டை 50 டாலருக்கும் ‘நைட் லைஃப்’ பாட்டை 150 டாலருக்கும் விற்றுவிட்டார். பாட்ஸி ‘கிரேஸி’யைப் பதிவுசெய்தது மோசமான கார் விபத்துக்குச் சில வாரங்கள் கழித்து, ஊன்றுகோலோடு வந்து.

நியூயார்க்கின் தீர்ப்பும் ஊர்களின் தீர்ப்பும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் இந்த வகை நாடகங்களில் பார்க்கலாம். ஜானி கேஷ் பாடல்களை வைத்து உருவான ‘ரிங் ஆஃப் ஃபயர்’ 2006இல் பிராட்வேயில் 57 காட்சிகளோடு மூடப்பட்டது. பிறகு அதைச் சுருக்கி, நடிகர்களே வாத்தியமும் வாசிக்கும்படி மாற்றினார்கள். வட்டார அரங்கங்கள் அதை அள்ளிக்கொண்டன. இன்னொரு பக்கம், கன்ட்ரி பாடகர் ரோஜர் மில்லர் இசையமைத்த ‘பிக் ரிவர்’, மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதை, மாசசூசெட்ஸிலும் கலிஃபோர்னியாவிலும் வட்டார அரங்கங்களில் வளர்ந்து 1985இல் பிராட்வே போய், சிறந்த இசை நாடகம் உட்பட ஏழு டோனி விருதுகளை வாங்கியது. 1,005 காட்சிகள்.

எனக்குப் பிடித்த உதாரணம் ‘ஷக்ட்’. நான் டெக்சஸ் போன 2015இல் டல்லாஸில் ‘மூன்ஷைன்’ என்ற பெயரில் இதன் முதல் வடிவம் மேடையேறியது. பழைய தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைத் தழுவியது. விமர்சனங்கள் கலவையாகவே வந்தன. கதை எழுதிய ராபர்ட் ஹார்னும், பாடல் செய்த பிராண்டி கிளார்க், ஷேன் மெக்கனாலியும் பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடியும் எழுத உட்கார்ந்தார்கள். சோளம் பட்டுப்போகும் ஒரு கிராமத்தைப் பற்றிய புதுக் கதை, 2022இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு வட்டார அரங்கில் சோதிக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் பிராட்வே போனது. அதில் நடித்த அலெக்ஸ் நியூவெல் டோனி விருது பெற்றார். ஏழெட்டு ஆண்டு! நம் ஊரில் ஒரு நாடகத்துக்கு ஏழெட்டு ஒத்திகை கிடைத்தாலே பெரிய விஷயம்.

சரி, புதுப் பாட்டுகள். இங்கே திரும்பிய பிறகும் வேலைக்குப் போகும் எம்ஆர்டி பயணத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ‘ஷக்ட்’ அரங்கேறிய அடுத்த மாதமே பிராண்டி கிளார்க் தன் பெயரிலேயே ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். மேடைக்குச் சிரிப்புப் பாட்டு எழுதிய அதே கை, இதில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறது. ‘டியர் இன்செக்யூரிட்டி’ பாட்டுக்குக் கிராமி கிடைத்தது. தன்னம்பிக்கையின்மைக்கே கடிதம் எழுதுவதுபோன்ற பாட்டு. முதல் வேலையில் சேர்ந்திருக்கும் இளையர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

மோர்கன் வாலன் 2025 மே மாதம் வெளியிட்ட ‘ஐம் த பிராப்ளம்’ தொகுப்பில் 37 பாடல்கள். எனக்கு இது பந்தியில் ஒரே கூட்டை 37 முறை பரிமாறியதுபோல் இருந்தது. பாட்டு கூடினால் இணையத்தில் கேட்கப்படும் எண்ணிக்கையும் கூடும், அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் 12 பாட்டு போதும் என்று வெட்டிக் கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கலாம். குரல் நல்ல குரல். நேர்மாறாக ஸாக் டாப் என்ற இளைஞரின் ‘கோல்ட் பியர் அண்ட் கன்ட்ரி மியூசிக்’, 2024. தொண்ணூறுகளின் பாணி, பெடல் ஸ்டீல் தாராளம், கூட்டிக் குறைக்க ஒன்றுமில்லை. பெயரைப் பார்த்துப் பெற்றோர் பயப்பட வேண்டாம்.

பியான்ஸேயும் ஹியூஸ்டன்காரர்தான். அவருடைய ‘கவ்பாய் கார்ட்டர்’ 2024 மார்ச்சில் வந்தபோது, இது கன்ட்ரியா இல்லையா என்று பெரிய சண்டை. கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டு விருதுகளில் ஒரு பரிந்துரைகூட இல்லை. 2025 பிப்ரவரியில் கிராமியின் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு அதுவே. எனக்குச் சில பாட்டுகள் நீளம். ஆனால் 1969இல் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடையில் பாடிய கறுப்பினப் பெண் லிண்டா மார்ட்டெலின் குரலை அதில் கொண்டுவந்ததற்காகவே இரண்டு முறை கேட்டேன். வேலியை யார் போட்டது என்று தெரிந்தவர்தான் அதைத் தாண்டிப் பாட முடியும்.

வில்லி நெல்சன் 1933இல் பிறந்தவர். 50 டாலருக்குப் பாட்டு விற்ற அதே மனிதர், 2025 ஏப்ரலில், 92 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது, ‘ஓ வாட் எ பியூட்டிஃபுல் வேர்ல்ட்’ வெளியிட்டார். எல்லாம் ரோட்னி கிரவல் எழுதிய பாடல்கள். அவரும் ஹியூஸ்டனில் பிறந்தவர். வில்லியின் குரல் மெலிந்துவிட்டது. தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து சேரும் அந்தப் பழைய வழக்கம் மட்டும் போகவில்லை. நின்றுவிட்டாரோ என்று நினைக்கும்போது அடுத்த சொல் வரும். இதற்கு நான் எத்தனை விநாடி என்று எண்ணவில்லை.

கன்ட்ரி இசைக்காக அமெரிக்காவரை போக வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரவாக்கின் மிரி நகரில் இதற்கென்றே விழா நடத்தியிருக்கிறார்கள். சபா, சரவாக் நண்பர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள், பாதிப் பேருக்குப் பாட்டு மனப்பாடமாக இருக்கும்.

நாடகத்துக்குத்தான் இங்கே நான் எழுதுவதில்லை. நம் தமிழ் நாடகங்கள் பெரும்பாலும் ஒரு வார இறுதியோடு முடிந்துவிடுகின்றன. விமர்சனம் வருவதற்குள் மேடையைக் கழற்றியிருப்பார்கள். நடித்தவர் நமக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியராக இருப்பார், இயக்கியவர் நண்பனின் அத்தையாக இருப்பார். முகநூலில் ‘அருமை’ என்று போட்டுவிட்டுப் போவது எல்லாருக்கும் சுலபம். போன மாதம் ஒரு நண்பர் தன் குழுவின் புது நாடகத்துக்கு விமர்சனம் எழுதித் தரச் சொன்னார். “நல்லபடியா எழுதுங்கண்ணே, பிள்ளைங்க ஆறு மாசமா உழைச்சிருக்காங்க” என்றார். இலவச டிக்கெட் வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, சனிக்கிழமைக்கு ஒன்று, தலா 35 வெள்ளிக்கு நானே வாங்கிவிட்டேன்.